காரணம் சொல்ல வேண்டியவர் யார்?

1967 அக்டோபர் 1ஆம் திகதி கனடா தன் குடிவரவுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. கல்வி, வயது, மொழி, தொழில் என்று ஒன்பது தலைப்புகள். 100க்கு 50 எடுத்தால் வரலாம். சில ஆண்டுகளில் இலங்கையும் பல்கலைக்கழக அனுமதிக்கு ஒரு கணக்குப் போட்டது. மருத்துவம் படிக்கத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் வேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். அடுத்து வந்த, மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய ‘தரப்படுத்தல்’ அதே பாகுபாட்டைச் சூத்திரமாக்கி, அலுவலகப் பழக்கமாகவும் ஆக்கியது. ரொறன்ரோத் தமிழரில் மூத்த தலைமுறைக்கு இந்த இரண்டு கணக்குகளும் தெரியும். ஒன்று அவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியதில் பங்குகொண்டது. மற்றது தோலின் நிறம் பார்த்து ஆள் எடுத்த பழைய கனடாவை மாற்றியது.

ஆகவே விதியும் படிவமும் நல்லவையா கெட்டவையா என்று பொதுப்படக் கேட்டுப் பயனில்லை. அலுவலக ஆட்சியை ஆராய்ந்த ஜேர்மன் அறிஞர் மக்ஸ் வெபர், அது ஆள்முகம் பாராமல் எழுதிய விதிப்படி நடப்பதே அதன் பலம் என்று கண்டார். அந்தப் பலம் உண்மையானது. கனடாவின் முதற் புள்ளிமுறையில் 15 புள்ளிகள் நேரில் பார்க்கும் அதிகாரியின் மதிப்பீட்டுக்கு விடப்பட்டிருந்தன. அவருக்குப் பிடித்த முகமா, பிடிக்காத உச்சரிப்பா என்பது அந்த 15க்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. 2002இல் வந்த சட்டம் அதை நீக்கியது சரியே. ‘மனிதத் தொடர்பு’ வேண்டும் என்று ஏங்கும் கட்டுரைகள் இதை மறந்துவிடுகின்றன. தெரிந்தவர் இருந்தால்தான் கதவு திறக்கும் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு, யாரையும் தெரியாமலே வரிசையில் நின்று காரியம் முடிப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

என் கேள்வி வேறு. விதியால் பாதிக்கப்பட்டவர் ‘ஏன்?’ என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் இருக்கிறாரா?

1985 வரை கனடாவில் அகதிக் கோரிக்கை பெரும்பாலும் தாளிலேயே தீர்ந்தது. விசாரித்தது ஒருவர். எழுத்துப் பிரதியை வாசித்து அமைச்சருக்கு ஆலோசனை சொன்னது ஒரு குழு. தன்னை நம்பாதவரின் முன்னால் போய்ப் பேச அகதிக்கு வழியில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, சிங் வழக்கில், ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால் அவரை நேரில் கேட்டே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் விளைவாக 1989 ஜனவரியில் குடிவரவு, அகதிகள் சபை தொடங்கியது. இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கியிருக்கும் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தச் சபையின் ‘ஹியரிங்’ அறையைக் கடந்து வந்ததுதான். ஒரு பேரலுவலகம் தன் செலவையும் தாமதத்தையும் பொறுத்துக்கொண்டு, ஓர் ஆளை உட்காரவைத்து அவர் பேசுவதைக் கேட்டது. விதிப்படி நடக்கும் அலுவலக முறை மனிதருக்கு எதிரானது என்போர் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

அதே அறையில் அதன் குறையும் இருந்தது. படிவம் திகதி கேட்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து 1995இல் போருக்குத் தப்பி இரவோடிரவாக நடந்தவருக்கு அது ‘பெரிய இடப்பெயர்வு’. அதற்கு முந்தியது, பிந்தியது என்றுதான் அவர் வாழ்க்கையை அடுக்கிவைத்திருக்கிறார். விமான நிலையத்தில் களைப்போடு சொன்ன மாதமும் பிறகு வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த மாதமும் முரண்பட்டால் அது பொய்யாகக் கணக்கில் ஏறலாம். நினைவு இயங்கும் விதம் ஒன்று, கோப்பு எதிர்பார்க்கும் ஒழுங்கு வேறொன்று. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்ட சபை உறுப்பினரிடம் நீதி கிடைத்தது. புரியாதவரிடம் கிடைப்பது அரிது.

ஆனாலும் கோப்பைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பேக்கர் வழக்கு அதற்குக் காரணம். ஜமைக்காவிலிருந்து வந்து பதினொரு ஆண்டுகள் வீட்டுப் பணியாளராக உழைத்த மேவிஸ் பேக்கர், கனடாவில் பிறந்த நான்கு பிள்ளைகளின் தாய். மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி கேட்டார். காரணம் எதுவும் இல்லாமல் மறுப்பு வந்தது. வழக்கறிஞர் கேட்ட பிறகுதான் அதிகாரி எழுதிய குறிப்புகள் கைக்கு வந்தன. பேக்கர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதும் பல பிள்ளைகள் பெற்றதும் குற்றம்போல் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறிப்புகளில் பக்கச்சார்பு தெரிகிறது என்று முடிவை ரத்துச்செய்தது. இத்தகைய முடிவுகளுக்கு எழுத்தில் காரணம் தரவேண்டும், பிள்ளைகளின் நலனை எடைபோடவேண்டும் என்றும் சொன்னது. அதிகாரி மனதில் வைத்திருந்ததை வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தால் யார் நிரூபித்திருப்பார்? எழுதிவைக்கும் பழக்கமே எழுதியவரைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவருகிறது. பேத்தியின் கலியாணத்துக்கு வர விண்ணப்பித்த அம்மம்மாவுக்கு விசா மறுப்பு வருகிறது. கடிதத்தில், பயணம் முடிந்து திரும்பிப் போவீர்கள் என்று திருப்தி இல்லை என்ற அச்சு வாசகம். அவர் காணி உறுதியும் வங்கிப் பதிவும் கொடுத்திருந்தார். அவற்றை யாராவது பார்த்தார்களா என்று கடிதம் சொல்லாது. 2018 முதல் குடிவரவுத் திணைக்களம் பயன்படுத்தும் ‘சினூக்’ என்ற கருவி விண்ணப்பங்களை அட்டவணையாக அடுக்கித் தருகிறது. முடிவெடுப்பது அதிகாரிதான் என்கிறது திணைக்களம். அதை ஏற்றுக்கொண்டாலும், அடுத்தடுத்து ஒரே வாசகம் பதிலாக வரும்போது, அந்த அதிகாரியைக் காரணம் சொல்பவர் என்று கொள்ள முடியாது.

கணினி வந்தாலும் காரணம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற பாடத்தை ஒன்ராறியோ மாகாண அரசும் பெருஞ்செலவில் படித்தது. 2014 நவம்பரில் சமூக உதவிப் பணத்துக்கான புதிய கணினி முறை தொடங்கியபோது ஏறத்தாழ 17,000 பேருக்குச் சுமார் 2 கோடி டாலர் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது. ஏழைகள் கைக்கு வந்த பணம் தங்களுடையதா இல்லையா என்று தெரியாமல் தவித்தார்கள். அவர்களுக்கு விளக்கவேண்டிய ஊழியர்களோ கணினியின் பிழைகளைத் திருத்துவதிலேயே மூழ்கிக்கிடந்தார்கள்.

இவற்றின் சுமை வீட்டுக்குள்ளும் இறங்குகிறது. அரசாங்கக் கடிதம் வந்தால் அப்பா அதைப் பத்து வயது மகளிடம் நீட்டுகிறார். வாடகை, வரி, மருத்துவம் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை வாசித்துச் சொல்கிறது. பிள்ளை இல்லாதவர் காசு கொடுத்துப் படிவம் நிரப்புகிறார். முறை எல்லோருக்கும் சமம். அதைக் கையாளும் திறன் சமமாகப் பகிரப்படவில்லை, அதற்கான செலவை ஏழையே கட்டுகிறார். நான் இந்த முறையின்மேல் வைக்கும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான்.

2025இல் குடிவரவுத் திணைக்களம் சிலவகைத் தற்காலிக விசா மறுப்புகளோடு அதிகாரியின் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. வரவேற்கிறேன். அதுவரை தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 5 டாலர் கட்டி, காத்திருந்து, தன் மறுப்பின் காரணத்தைத் தானே தேடவேண்டிய நிலை இருந்தது. எல்லாவகை மறுப்புகளுக்கும் இந்தக் குறிப்பு கேளாமலே வரவேண்டும். நம் சங்கங்களும் நாம் தெரிவுசெய்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு அப்படியொரு கடிதம் வந்தால் மேசையில் போட்டுவைக்காதீர்கள். குறிப்பை உடனே வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து மத்திய நீதிமன்றத்துக்குப் போக, முடிவு தெரிந்த நாளிலிருந்து 60 நாட்கள்தான் உண்டு.