இருபத்தெட்டு வயதுத் தகப்பன்: காம்யுவின் ‘முதல் மனிதன்’ குறித்து

திங்கட்கிழமைகளில் எமது றெஸ்ரோறன்ட் பூட்டு. அந்த ஒரு நாளில்தான் கை காய்ந்திருக்கும், புத்தகம் நனையாது. அல்பேர் காம்யுவின் ‘முதல் மனிதன்’ நாவலை ஒரே அறையில் வசிக்கும் நாம் மூவர் நாலு திங்கட்கிழமைகளில் வாசித்து முடித்தோம். ஒருவர் கையில் பிரெஞ்சுப் பிரதி, இன்னொருவர் கையில் வெ. ஸ்ரீராமின் தமிழாக்கம். மூன்றாமவர் தேநீர் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவந்தவர்கள் நாம். ஆகவே கோட்பாடுகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

எம்மவரில் அநேகர் காம்யுவை ‘அந்நியன்’ வழியாக அறிந்தவர்கள். அந்தக் காம்யுவைத் தேடி இந்நாவலுக்குள் வருபவர் ஏமாந்து போவார். 1960 ஜனவரி 4இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது பையிலிருந்த 144 பக்கக் கையெழுத்துப் பிரதிதான் இது. முடிவுறாதது, திருத்தப்படாதது. 34 வருடங்கள் கழித்து, 1994இல், மகள் கத்தரின் காம்யு பதிப்பித்தார். சில வசனங்கள் மூச்சுவிடாமல் அரைப் பக்கம் ஓடுகின்றன, பெயர்கள் இடையில் மாறிவிடுகின்றன. எமக்கு அது குறையாகப் படவில்லை.

கதை ஒரு தகப்பனைத் தேடுவது. உண்மையான தகப்பனின் பெயர் லூசியன் காம்யு. 1885இல் அல்ஜீரியாவில் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, அநாதை விடுதியில் வளர்ந்தவர். சுவாவ் எனப்படும் காலாட்படையில் சேர்ந்து மொறொக்கோவில் போர் செய்து திரும்பினார். பிறகு திராட்சைத் தோட்ட வேலை. 1913இல் மொந்தோவி என்ற கிராமப்புறத்துக்குக் குடும்பத்தோடு போனார். அங்கேதான் நவம்பர் 7இல் அல்பேர் பிறந்தார். அடுத்த ஓகஸ்டில் மீண்டும் படைக்கு அழைப்பு. மார்ன் சண்டையில் காயம். 1914 ஒக்ரோபர் 11இல் பிரித்தானிப் பகுதியிலுள்ள சென்-பிரியோ நகர மருத்துவமனையில் மரணம். வயது 28. இளைய மகனுக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. தான் எந்த நாட்டின் பேரால் இரண்டு முறை துவக்குத் தூக்கினாரோ, அந்த நாட்டில் அவர் வாழ்ந்தது சாவதற்கு முந்திய சில வாரங்கள் மட்டுமே.

நாவலில் இவர் ஆன்றி கோர்மெரி. மகன் ஜாக் நாற்பது வயதில் அந்தக் கல்லறையின் முன் நிற்கிறான். கல்லில் இரண்டு வருடங்கள் பொறித்திருக்கின்றன. மனதுக்குள் கழித்துப் பார்க்கிறான். மண்ணுக்குள் கிடப்பவர் தன்னைவிட இளையவர் என்பது அப்போதுதான் உறைக்கிறது. தகப்பனிடம் பிள்ளைக்கு வரும் பாசமல்ல, அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு பிள்ளையிடம் பெரியவனுக்கு வரும் இரக்கம் அவனைத் தாக்குகிறது. காம்யு நிஜத்தில் அங்கே போனது 1947இல், 33 வயதில். நாவலில் ஏன் நாற்பதாக்கினார்? வித்தியாசம் பெருக வேண்டும், தகப்பன் இன்னும் சின்னவனாக வேண்டும் என்பதற்காகத்தான் என நாம் நினைக்கிறோம்.

இவ்விடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. எம்மில் ஒருவரின் தகப்பனார் 2009இல் மாத்தளனில் செல் விழுந்து இறந்தவர். அப்போது அவருக்கு 38 வயது. சிறுவயதிலேயே இயக்கத்துக்குப் போய், விலகி, மணமுடித்து, கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்தவர். இன்னும் நாலு வருடத்தில் மகன் அவரைவிட மூத்தவராகிவிடுவார். போய் நிற்க அவருக்கு ஒரு கல் இல்லை. அன்று நாம் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

காம்யு கையில் தகப்பனைப் பற்றி இருந்தவை மிகச் சொற்பம். மருத்துவமனை விதவைக்கு அனுப்பிய செல் துண்டு ஒன்று. அதை அந்தத் தாய் பிஸ்கற் பேணிக்குள் வைத்திருந்தார். மற்றது, ஒரு கொலைகாரனின் தலை வெட்டப்படுவதைப் பார்க்க விடியற்காலையில் எழும்பிப் போன தகப்பன், திரும்பிவந்து பேசாமல் படுத்து, வாந்தியெடுத்த கதை. இதே சம்பவம் 1942இல் ‘அந்நிய’னில் வருகிறது. 1957இல் மரண தண்டனைக்கு எதிரான அவரது கட்டுரை இதிலிருந்தே தொடங்குகிறது. பிறகு இந்நாவலிலும் வருகிறது. ஒரு மனிதர் தகப்பனிடமிருந்து பெற்ற ஒரே முதுசத்தை மூன்று முறை எடுத்துத் துடைத்துப் பார்க்கிறார். ஆனால் ஊதிப் பெருப்பிக்கவில்லை. எம்மவர் எழுதும் தகப்பன் கதைகளில் செத்தவர் உடனே சிலையாகிவிடுகிறார். அவர் என்ன தின்றார், எதற்குக் கோபப்பட்டார் என்று கேட்டால் பதில் இல்லை.

மொறொக்கோ அத்தியாயம் இந்நாவலின் உயிர் என்போம். காவலுக்கு நின்ற சக படையாட்கள் கழுத்தறுக்கப்பட்டு, உடல் சிதைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். கூட இருந்தவன், அந்த மக்களுக்கு இது தங்கள் மண், அவர்கள் எதுவும் செய்யலாம் என நியாயம் சொல்கிறான். கோர்மெரி ஒத்துக்கொள்வதில்லை. மனிதன் என்றால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்பவன் என்பது அவர் நிலை. பிரெஞ்சுக்காரரும் இதைச் செய்கிறார்களே என்றால், அவர்களும் மனிதரில்லை என்கிறார். எழுத்தறிவு குறைந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் வாயில் இது வருகிறது. இரண்டு பக்கமும் இதைக் கேட்க விரும்பாது. கட்டி அடிக்கப்பட்டவர்களையும், அடித்தவர்களையும் எங்கள் ஊர்களில் பார்த்தவர்கள் நாம்; இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையைப் பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்லக் கேட்டவர்கள்.

ஆனால் அந்தக் கோர்மெரி மொறொக்கோவில் என்ன வேலையாக நின்றார் என்ற கேள்வியை நாவல் போதுமான அளவு கேட்கவில்லை. மகன் தான் பிறந்த தோட்டத்துக்குப் போகிறான். தகப்பனைத் தெரிந்தவர் எவரும் இல்லை. 1848க்குப் பின் பாரிசிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் காய்ச்சலில் செத்து மடிந்த வரலாறு மட்டும் கிடைக்கிறது. இது மறதியின் மண், இங்கே ஒவ்வொருவனும் தகப்பனில்லாத முதல் மனிதன் என்ற முடிவுக்கு அவன் வருகிறான்.

எமது குசினியில் வேலை செய்யும் அல்ஜீரியக் கபிலிப் பெரியவர் ஒருவருக்கு இதைச் சொன்னோம். அவர் இறைச்சி வெட்டுவதை நிறுத்தவில்லை. “மறந்தது வந்தவன். எங்கட வீட்டில ஏழு தலைமுறைப் பேரும் சொல்லுவம். என்ர பூட்டனும் அந்தச் சண்டைக்குத்தான் போனவர். அவரைத் தேடி ஆர் புத்தகம் எழுதினது?” என்றார். அல்ஜீரியாவெங்கும் அரபுப் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பிள்ளைகளும் தகப்பனில்லாதவர்களானதைக் காம்யு குறிப்பிடாமல் இல்லை. அது கடந்து போகும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நாவலில் அரபுக்காரர் பலர் வெறும் ‘அரபுக்காரர்’. கபிலியப் பெரியவர் சொன்னது சரியென்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் மறதி பற்றிக் காம்யு சொல்லும் இன்னொன்றை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். தாயிடம் ஜாக் தகப்பனைப் பற்றிக் கேட்கிறான். காது மந்தமான, எழுத வாசிக்கத் தெரியாத, வீடுகள் கழுவிப் பிழைத்த அந்தப் பெண் ‘ஓம்’, ‘இல்லை’க்கு மேலே அதிகம் சொல்வதில்லை. ஞாபகம் வைத்திருக்கவும் வசதி வேண்டும் என்பதை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. ஒரே வீதி, ஒரே வேலை, ஒரே களைப்பு. நாள்களுக்கு அடையாளம் இல்லை. பதினான்கு மணிநேரம் கோப்பை கழுவியவருக்கு நேற்று எது, முந்தநாள் எது என்று தெரிவதில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்து அப்பாவைப் பற்றிக் கேட்டால் அம்மா, “சாப்பிட்டியோ?” என்று கேட்கிறார்.

நாலாவது திங்கள் நாவல் முடிந்தது. பிஸ்கற் பேணி பற்றிய பக்கத்தை அந்த நண்பர் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கட்டிலுக்குக் கீழிருந்த தன் அகதி வழக்குக் கோவையை எடுத்து, தகப்பனின் மரணச் சான்றிதழையும் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் மேசையில் வைத்தார். தொழில் என்ற இடத்தில் ‘கமம்’ என்றிருந்தது.