பம்பில்லாத நேர்த்தி

ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரின் எரிபொருள் அமைப்பில் ரசிக்க வேண்டியது, அதில் இல்லாத ஒன்றை: பம்பு. கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் ஃபிராங்க் ராபின்சன் வடிவமைத்து, 1979இல் சான்றிதழ் பெற்ற இருவர் ஹெலிகாப்டர் இது. ரோட்டார் தண்டை ஒட்டி இருபுறமும், எஞ்சினுக்கு மேலே, டேங்குகள். பெட்ரோல் தன் எடையாலேயே வால்வு, வடிகட்டி வழியாகக் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. துணை டேங்க் சற்றே உயரத்தில் இருப்பதால் அதுவே முதலில் காலியாகும். எந்த டேங்குக்கு மாற்றுவது என்று பைலட் யோசிக்கவே வேண்டாம். புறப்படுமுன் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்த்தால், நீலச் சாயமிட்ட பெட்ரோலின் கீழே தண்ணீர் நிறமற்ற குமிழாகத் தனித்து நிற்கும். பழுதாகும் பொருள்களைக் கூட்டாமல் வேலையை முடித்துக்கொள்ளும் இந்தச் சிக்கனம்தான் என் கணக்கில் உயர்ந்த பொறியியல்.

உடல் எடையிழக்கும் விதமாக மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பறந்தால் பெட்ரோல் இறங்காதே என்று கேட்கலாம். ஆனால் இரட்டை இறக்கை ஊசலாடும் இந்த ரோட்டாருக்கு அப்படிப் பறப்பதே ஆகாது. ரோட்டார் தலை தண்டில் மோதி ஹெலிகாப்டரே சிதறலாம். ரோட்டாருக்கு விதித்த தடையே எரிபொருளுக்கும் காவலாகிவிடுகிறது. கார்புரேட்டர் பனி பற்றிய ஆட்சேபத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, ஈரப்பதமான நாளில் வெளியே 20 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி படியும். எஞ்சினை அதன் முழுத்திறனுக்குக் கீழேயே ஓட்டுவதால் த்ராட்டில் பாதி மூடியே இருக்கிறது. அது பனிக்கு இன்னும் வசதி. போதாக்குறைக்கு, சுழற்சியை நிலைநிறுத்தும் கவர்னர் த்ராட்டிலைத் தானே திறந்து, அறிகுறியை மறைத்துவிடும். வெப்பமானியைக் கவனித்துச் சூடான காற்றைத் திறந்துவிடுவது பைலட்டின் பொறுப்பு. ராபின்சனின் இன்னொரு ஹெலிகாப்டரான ஆர்44 ரேவன் 2இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீச்சும் முறை வந்தது. கார்புரேட்டர் பனி ஒழிந்தது, பம்புகள் வந்து சேர்ந்தன. நியாயமான பண்டமாற்றுதான், ஆனால் இலவசமல்ல.

விபத்தில் டேங்க் கிழிந்து தீப்பிடிப்பது பற்றிய குறைக்கு ரசனை பதிலாகாது. பின்னாளில் அலுமினிய டேங்குக்குள் நெகிழும் பைகளை வைத்தார்கள். ஆர்22இன் பிரதான டேங்கில் பயன்படும் அளவு 19.2 அமெரிக்கக் காலனிலிருந்து 16.9 ஆகக் குறைந்தது. அந்த இரண்டேகால் காலனுக்காக முணுமுணுப்பவரோடு எனக்கு வாதமில்லை. அவரோடு பறக்கத்தான் தயக்கம்.