பட்டியலில் பெயர், வரிசையில் ஆளில்லை

2022 மார்ச் 12 அன்று நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் மலேசியாவில் 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தார்கள். தானியங்கி வாக்காளர் பதிவும் அதில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. 21 வயதானவர் தானே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற பழைய விதி போய், 18 நிறைந்தால் தேர்தல் ஆணையமே பெயரைச் சேர்த்துவிடும் என்றானது. 2018இல் சுமார் 18 லட்சமாக இருந்த ஜொகூர் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 26 லட்சமாக உயர்ந்தது. வாக்களித்தவர்களோ 54.92 விழுக்காடுதான்.

முதலில் இந்த முறையின் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். பழைய விதியில் பாரம் தூக்கியவர்கள் நேரமில்லாதவர்கள்: இரவு ஷிப்ட் பார்ப்பவர், தோட்டத்தில் இருப்பவர், படிவம் நிரப்பித் தர ஆளில்லாதவர். கட்சிக்காரர் வீடு தேடி வந்தால்தான் பலருக்குப் பதிவே நடந்தது. இன்று வாக்குரிமைக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அந்த வகையில் இது பெரிய திருத்தம்.

விழுக்காடு சரிந்ததற்குப் பட்டியல் நீண்டதும் ஒரு காரணம். ஆனால் அதோடு கணக்கை மூடிவிட முடியாது. 2018இல் ஜொகூரில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். 2022இல் 14 லட்சத்துச் சொச்சம். பட்டியலில் எட்டு லட்சம் பேர் கூடியும், சாவடிக்கு வந்த தலைகள் குறைந்திருக்கின்றன. வெற்றி பெற்ற தேசிய முன்னணிக்குக் கிடைத்தது பதிவான வாக்குகளில் சுமார் 43 விழுக்காடு. மொத்த வாக்காளரில் நூற்றுக்கு 24 பேர்கூட இல்லை. அதற்குக் கிடைத்ததோ 56 இடங்களில் 40. பலமுனைப் போட்டி இதற்கு உதவியது, வராதவர்களும் உதவினார்கள்.

ஏன் வரவில்லை? கொரோனாவின் ஓமிக்ரான் அலை ஒரு காரணம். 2018இல் மக்கள் மாற்றிய மாநில ஆட்சி, 2020இல் வாக்கெடுப்பே இல்லாமல் கைமாறியதால் வந்த சலிப்பு இன்னொன்று. உறுப்பினர்கள் கட்சி தாவுவதைத் தடுக்கும் சட்டமும் ஜொகூர் தேர்தலுக்குப் பிறகே வந்தது.

மூன்றாவது காரணம் தூரம். பட்டியல் அடையாள அட்டையில் உள்ள முகவரியைப் பார்க்கிறது. ஆள் எங்கே வாழ்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. சிகாமட், குளுவாங் பக்கத் தோட்டங்களிலிருந்து மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்த நம் இந்தியக் குடும்பங்களில், அட்டையில் பழைய முகவரியே கிடப்பது சகஜம். சிங்கப்பூரில் வேலை செய்பவர் நிலைமை அப்போது இன்னும் மோசம். 2022இல் லண்டனில் இருந்த மலேசியர் அஞ்சல் வழி வாக்களிக்க முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருந்தவர் நேரில் வந்தாக வேண்டியிருந்தது. எல்லையோ ஏப்ரல் 1ஆம் தேதிதான் முழுமையாகத் திறந்தது, தேர்தல் முடிந்து இருபது நாள் கழித்து.

அதே ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 74 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். விதியும் மாறவில்லை, வயதும் மாறவில்லை. வழி திறந்து, வாக்குக்குப் பலன் உண்டென்ற எண்ணமும் இருந்தால் மக்கள் வருகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. ஜொகூரின் பூலாய் தொகுதியில் 2023இல் நடந்த இடைத்தேர்தலில் வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதும் அதே பாடத்தின் மறுபக்கம்.

அண்டை நாடான சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம். 2020இல் 95 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தார்கள். இங்கும் அப்படிச் செய்யலாமே என்பவர்கள் உண்டு. அஞ்சல் வாக்கை மறுத்துவிட்டு, வராதவருக்குத் தண்டனை விதிப்பது நியாயமாகாது. வழியைத் திறந்த பிறகே கட்டாயத்தைப் பற்றிப் பேசலாம்.

ஆகவே தானியங்கிப் பதிவு நீடிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அஞ்சல் வாக்கு உறுதிப்பட வேண்டும். நம் பங்கும் ஒன்று உண்டு. ஜொகூரின் எந்தத் தொகுதியிலும் இந்தியர் பெரும்பான்மை இல்லை. நெருக்கமான போட்டியில்தான் நம் வாக்குக்கு எடை. 2022இல் புக்கிட் பத்து தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர் தோற்றது சில நூறு வாக்குகளுக்குள்தான். வீடு மாறியதும் மின்சாரக் கணக்கை மாற்றுகிறோம், பிள்ளையின் பள்ளியை மாற்றுகிறோம். அடையாள அட்டையின் முகவரியையும் அன்றே மாற்றி, வாக்காளர் பட்டியலிலும் மாற்றக் கேளுங்கள்.