பரணில் ஏணி

லினக்ஸின் அடிமடியில் கெர்னல் என்று ஒரு சமாசாரம் உண்டு. கீபோர்டு முதல் வைஃபை வரை சகலத்தையும் கட்டி மேய்ப்பது அதுதான். விரும்பினால் உங்கள் கம்ப்யூட்டரின் அளவுக்கு நீங்களே அதைத் தைத்துக்கொள்ளலாம். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடியுங்கள். நீலத்திரையில் ஒரு பட்டியல் விரியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஐட்டங்கள். எந்த ஓட்டல் மெனுவும் பிச்சை வாங்கவேண்டும்.

பெரும்பாலானவற்றுக்கு மூன்று பதில்கள். ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடு. என் என்றால் வேண்டாம். எம் என்றால் மாட்யூலாகக் கட்டிப் பரணில் போடு, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன்.

எம் ரொம்ப சௌகரியம். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கிற டிரைவரை அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே மாட்யூலாக வைத்தால்? பரணில் ஏற உதவும் ஏணியைப் பரணிலேயே போட்ட கதை. 'கெர்னல் பேனிக்' என்று சொல்லிவிட்டு மெஷின் மட்டையாகிவிடும். இதற்காகவே 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு குட்டி மூட்டையைக் கூடவே அனுப்புகிறார்கள். ஏணி அதில் இருக்கும்.

சரி, எதற்கு எதைப் போடுவது? ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உதவிக்குறிப்பு உண்டு. அது இன்னதென்று சொல்லும். பல குறிப்புகள் கடைசியில், சந்தேகமிருந்தால் என் போடு என்று கைகழுவிவிடும். நமக்கோ பத்தாயிரத்திலும் சந்தேகம். எல்லாவற்றுக்கும் என் போட்டால் மெஷின் எழுந்திருக்காது.

ஆகவே உபுண்டு, ஃபெடோரா மாதிரி விநியோகஸ்தர்கள் நமக்காக முடிவெடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் என்ன மெஷின் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஏகப்பட்டதற்கு எம்.

குடோன் சரக்குக்கு வாடகை உண்டு என்பது காமர்ஸ் முதல் வருடப் பாடம். டிசிசிபி என்றொரு நெட்வொர்க் சங்கதி 2005-ல் கெர்னலுக்குள் வந்தது. உபயோகித்தவர்கள் சொற்பம். பல விநியோகங்களில் அது எம். பிப்ரவரி 2017-ல் அதில் ஒரு ஓட்டை அம்பலமானது. மெஷினில் சாதாரண கணக்கு வைத்திருப்பவரும் அதன்வழியே முழு அதிகாரத்தைப் பிடித்துவிடலாம். நாம்தான் உபயோகிப்பதே இல்லையே என்று சும்மா இருக்க முடியாது. யாரோ ஒரு புரொகிராம் கேட்டால் போதும், கெர்னல் தானே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். பதினோரு வருடத்துக்கும் மேல் அப்படித்தான் கிடந்தது. கடைசியில் 2025-ல் டிசிசிபியையே கெர்னலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

2009-லிருந்து 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒரு வசதி இருக்கிறது. இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். நல்ல யோசனை. ஆனால் அதற்கு இன்றைக்கு மட்டும்தான் கண் தெரியும். பிரிண்டரையும் வெப்கேமராவையும் சொருகிவைத்துவிட்டு அதை ஓட்டுங்கள். மறந்தால் நாளைக்கு அவை வேலை செய்யாமல் போகலாம்.

கெர்னல்காரர்களிடம் என் கோரிக்கை சின்னது. உதவிக்குறிப்பில் இது என்ன என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இல்லாவிட்டால் எது நின்றுபோகும், இருந்தால் யார் உள்ளே வரக்கூடும்? இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். பத்தாயிரம் கேள்வி கேட்கிறவர்கள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?