மூன்று ஆத்திசூடிகளில் சமுதாய நீதி

தமிழ்ப் பிள்ளைக்கு ஆத்திசூடி முதலில் எழுத்தாகவே அறிமுகமாகிறது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் அது செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் மனனத்திற்குரியதாக அமைந்துள்ளது. மாணவன் அடியை ஒப்புவிக்கிறான், பொருளை எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான். அவ்வடி யாரைக் காக்கப் பிறந்தது என்னும் வினா எழுவது அரிது.

ஆய்த எழுத்துக்குரிய அடியையே எடுத்துக்கொள்ளலாம். ஆய்தத்தை முதலாகக் கொண்ட சொல் தமிழில் இல்லை. ஆதலின் ஔவையார் அவ்வெழுத்தை இடையிற் கொண்ட அஃகம் என்னும் சொல்லைத் தேர்ந்தார். அஃகம் என்பது தானியம். அதனை அளவு குறைத்து விற்றலாகாது என்பதே அடியின் கருத்து. எழுத்துக்காகத் தேடிய சொல்லில் அங்காடியின் அநீதி முழுவதும் அடங்கிவிட்டது. மூட்டையாக வாங்கும் செல்வனை அளவுபடி அவ்வளவாக வருத்தாது. அன்றாடம் நாழிக் கணக்கில் வாங்கும் ஏழையின் வயிற்றையே அது சுருக்கும். ஔவையார் பணிவை மட்டுமே போதித்தார் என்போர் இவ்வடியில் சற்றே நின்று செல்லுதல் நலம். வகுப்பறையிலோ இது ஆய்தத்திற்கு எடுத்துக்காட்டு என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

பாரதியார் (1882–1921) புதிய ஆத்திசூடியை இயற்றியபோது பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஏவலின் திசையை மாற்றினார். ஔவையாரிடம் 'செய்யாதே' என்னும் விலக்குகள் மிகுதி. பாரதியாரிடமும் விலக்குகள் உண்டு; ஆனால் அவற்றுட் பல அச்சத்தையும் அடிமைக் குணத்தையும் விலக்குவன. தீயோருக்கும் பேய்களுக்கும் சாவுக்கும் அஞ்சலாகாது, தாழ்ந்து நடத்தலாகாது, நாயைப் போல் வாழ்தலும் ஆகாது. பழமையை மறவாதிருக்கச் சொன்னவர் ஔவையார். அப்பழமைக்கு அஞ்சாதிருக்கச் சொன்னவர் பாரதியார். பெண்ணின் சொல்லைக் கேளாதே என்ற பழைய அடி இருந்த இடத்தில் பெண்ணை உயர்த்தும் அடி வந்தது. மிகையுணவை ஔவையார் விலக்க, பாரதியார் உணவை நன்கு விரும்பச் சொல்கிறார். அரைவயிற்றுப் பிள்ளைகள் நிறைந்த நாட்டில் அதுவும் நீதியின் குரலே.

ஆசிரியரைத் திணறச் செய்வது சினத்தைப் பற்றிய அடி. சினம் தணிதற்குரியது என்கிறது பழைய நூல்; புதிய நூலோ அதனைப் பழகச் சொல்கிறது. 'நியாயமான கோபம்' என்று பொருள் எழுதுவித்து அடுத்த அடிக்கு விரைவது எளிது. அவ்வாறு விரைந்தால் பாட்டின் உயிரே போய்விடும். பழகுதல் என்னும் வினை இங்கே கருதத்தக்கது. பழகிய கை தடுமாறாது. பழகிய சினமும் கண்ட இடத்தில் வெடிக்காது. கொடுமையை எதிர்க்கச் சொல்லும் அதே நூல், எவரையும் மதித்து வாழவும் பணிக்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும் மாணவன், "யார்மீது சினம் கொள்ளலாம்?" என்று கேட்பான். அக்கேள்விக்குப் பாட வேளையில் இடம் விட வேண்டும். சகமாணவனைச் சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ இழித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனுக்கு அது வெறும் இலக்கியக் கேள்வியன்று.

குறையும் இல்லாமலில்லை. ரௌத்திரம், மௌட்டியம், ரோதனம் போன்ற சொற்கள் இளையோருக்கு இரும்புக் கடலை. ர, ல முதலிய எழுத்துகளுக்கும் அடி வேண்டும் என்ற அமைப்பே அவற்றை இழுத்து வந்தது. போர்த்தொழிலைப் பயிலச் சொல்லும் அடியும் இன்றைய வகுப்பில் விளக்கமின்றி நிற்காது.

பாரதிதாசன் (1891–1964) யாத்த ஆத்திசூடி வேறோர் இடத்தைத் தொடுகிறது. மனிதர் அனைவரும் உறவு என்று தொடங்கி, உடைமை பொது என்பதுவரை அது செல்கிறது. பாரதியாரின் நூல் நிமிர்ந்த மனிதனை ஆக்க முனைகிறது. பாரதிதாசனின் நூல் அவன் வாழவேண்டிய சமுதாயத்தைச் சொல்கிறது. ஆனால் இவ்விரண்டு அடிகளும் ஏவலாக இல்லாமல் கூற்றாக நிற்கின்றன. உலகம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று பிள்ளை அறிகிறான். நாளைக் காலையில் தான் செய்யவேண்டியது என்ன என்பதை, அடுத்த இருக்கையில் உட்காரப் பிறர் மறுக்கும் தோழனைப் பார்த்துத் தானே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.