குரல் உடையும் இடம்

ஆம்ப் இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டாரை மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. நாம் கேட்டுக் கிறங்கும் ஒலியில் பாதி ஆம்பில்தான் பிறக்கிறது. ஆனாலும் வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட் கணக்கைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியின் குரல் எந்தச் சத்தத்தில் உடைகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பின் அழகே அந்த உடைப்புதான். சத்தத்தைக் கூட்டக் கூட்ட வால்வுகள் திணறும். ஒலி அலையின் உச்சி மழுங்கும். மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் வந்து சேரும். அந்த விளிம்பில் நிறுத்திய ஆம்ப், மெல்ல மீட்டினால் தெளிவாகப் பேசும், அழுத்தினால் கரகரக்கும். கோபமும் குழைவும் முழுக்க விரலின் வசம்.

ஒரே சர்க்யூட்டுக்குக்கூட இரண்டு குரல் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1950களில் பேஸ் கிட்டாருக்காகச் செய்த பாஸ்மேன் ஆம்பை, லண்டனில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷலின் ஆட்கள் 1962இல் ஏறக்குறைய அப்படியே பின்பற்றி ஜேடிஎம்45 ஆம்பைக் கட்டினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாறியது, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களின் இடத்தில் மூடிய பெட்டிக்குள் நான்கு 12 அங்குலம் வந்தது. ஒலி தடித்து, இருண்டு, வேறொன்றாகிவிட்டது. அதே வழியில் வந்த, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்த மார்ஷல் காம்போ ஒன்றில்தான் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் 1966 ஆல்பத்துக்காக, ஸ்டுடியோவிலும் மேடைச் சத்தத்திலேயே வாசித்தார். ஒவ்வொரு சுரமும் அறுபடாமல் நீண்டு நிற்கிறது. ப்ளூஸ் கிட்டாரில் அதற்கு இணையாக நான் வைப்பது மிகக் குறைவு.

இனி வாட் கணக்கு. 100 வாட், 10 வாட்டைவிடக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் உரக்கக் கேட்கும். வீட்டில் 100 வாட் வால்வு ஆம்பை வைத்திருப்பவர் அதன் உடைப்பைத் தொடவே முடியாது. 5 வாட்டே சுவரை அதிரவைக்கும். டிரம்மருடன் சிறிய அரங்கில் வாசிப்பவருக்கு என் தேர்வு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்: 22 வாட், ஒரே ஸ்பீக்கர். மணியோசை போன்ற மினுக்கம் வேண்டுமென்றால், கிட்டார் கலைஞர் பிரையன் மே விடாமல் பிடித்துக்கொண்ட வாக்ஸ் ஏசி30. உடையவே கூடாது, ஒலியை மாற்றும் பெடல்களின் நிறம் அப்படியே வர வேண்டும் என்பவருக்கு 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120. டிரான்சிஸ்டர்தான், அதனால் அது ஒரு படி குறைந்ததில்லை.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். தரையில் வைத்த ஆம்பை நின்றபடி கேட்டால் கூர்மையான ஒலியெல்லாம் முழங்காலோடு போய்விடும். அதை ஸ்டூலில் ஏற்றி, காது மட்டத்துக்குக் கொண்டுவந்து, சில அடி தள்ளி நின்று வாசியுங்கள்.