பந்தியும் பட்டாவும்

தேவாரத்தில் திருத்துருத்தி என்று பாடப்படும் ஊர் குத்தாலம். அதன் சுற்றுவட்டாரத்தில்தான் திருவீழிமிழலை இருக்கிறது. பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் அங்கே படிக்காசு பெற்று அடியார்களுக்கு அமுதளித்த வரலாற்றைச் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். பசி தீர்ப்பது பக்தியின் கடமை என்பது இம்மண்ணின் பழைய கொள்கை. ஆனால் அந்தப் பந்தியில் யார் உட்காரலாம், நெல் விளைந்த நிலம் யாருடையது?

தீண்டத்தகாதவர் எனக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவபக்தர் நந்தனாரின் கதை இக்கேள்விகளை விடாமல் கேட்கிறது. திருப்புன்கூரில் நந்தி விலகித் தரிசனத்துக்கு வழிவிட்டது. தில்லையிலோ தீயில் மூழ்கி எழுந்த பின்பே அவர் உள்ளே போக முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தார். நாற்பது வேலி வேலையையும் முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார் அவர். பக்தனின் ஏக்கம் பண்ணையாளின் உரிமைக் கேள்வியானது இங்கேதான். எனினும் கீர்த்தனையில் அந்த வேலையைத் தெய்வ அருளே முடித்துக்கொடுக்கிறது. பண்ணையம் அப்படியே நிற்கிறது.

வள்ளலார் சடங்கை விட்டு அடுப்பைப் பிடித்தார். 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி, சமயம் கேட்காமல் உணவிட்டார்கள். ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்பது அவருடைய சன்மார்க்கம்.

கிறிஸ்தவ மரபும் இதே சோதனையைச் சந்தித்தது. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளியும் அச்சும் வந்தன. ஆலயத்துக்குள் சாதிவாரி இருக்கை மட்டும் போகவில்லை. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் அதை ஒழிக்கச் சொன்னபோது தஞ்சைச் சபையில் பலர் எதிர்த்தார்கள். 1980-களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலை வகுத்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் ஒரே உலை என்ற கருத்தை நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

காவிரி டெல்டாவில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளை எதிர்த்து நிமிர முதலில் கைகொடுத்தது கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம், பி. சீனிவாசராவ் அதன் முன்னோடி. சமயங்கள் நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய வரலாறு இது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். அதன் பின் காந்தியத் தொண்டர் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். காந்தியம், வினோபாவின் பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம், வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி ஆகிய மூன்றும் கிருஷ்ணம்மாளிடம் ஒன்றாய்க் கலந்திருந்தன. 1981-இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளரிடம் பேசி, கடன் திரட்டி நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்தது. கடலோர வயல்களை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

இத்தனை மரபுகளையும் பந்தி, பட்டா என்ற இரண்டு அளவுகோல்களால் அளக்கலாம். பந்தியில் பல மரபுகள் ஓரளவு தேறின. பட்டாவரை வந்தவை மிகச் சில. கோயிலும் மடமும் பெருநிலம் வைத்திருக்கும் குத்தாலம் வட்டாரத்தில், குத்தகை உழவருக்கும் கூலியாளுக்கும் அந்த நிலத்தில் என்ன உரிமை என்பதைச் சமயச் சொற்பொழிவு மேடைகளே இனி எடுத்துப் பேச வேண்டும்.